பிரேக் மாற்றிக் கொடுத்தவர்

என் பழைய அம்பாசிடருக்கு, பிந்தைய வருட மாடலின் முன்பக்க சஸ்பென்ஷனையும் டிஸ்க் பிரேக்கையும் மாட்டிக் கொடுத்தவர் திண்டுக்கல் மெக்கானிக் ஒருவர். ஒல்லியான மனிதர். முடுக்கிய போல்ட்டையே நாலு தடவை தொட்டுப் பார்ப்பார்.

வண்டியை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் பழனிக்குக் கிளம்பினோம். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் அவர் பைக்கில் துரத்தி வந்து கையைக் காட்டி மெதுவாக நிறுத்த வைத்தார். முகமெல்லாம் வியர்வை.

"இறங்குங்க சார். இடது பக்கம் பழைய மாடல் போல்ட்டப் போட்டுட்டேனோன்னு சந்தேகமா இருக்கு."

சக்கரத்தைக் கழற்றி, ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"சரியாத்தான் போட்டிருக்கேன். போயிட்டு வாங்க."

"போன் பண்ணியிருக்கலாமே?"

"சொன்னா பதறிப்போய் சடார்னு பிரேக்க மிதிச்சிருவீங்களே சார்."

அவரைவிட நம்பகமான மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பழனி போய்ச் சேரும்வரை நாற்பதைத் தாண்ட எனக்குத் தைரியம் வரவில்லை.