பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வந்த சபை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாலு வயதுப் பிள்ளையைத் தூணில் கட்டிவைப்பதை யாரும் கொடுமையாக நினைத்ததில்லை. ஹட்டனில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பும்வரை நானும் நினைத்ததில்லை. பழைய சேலையைக் கிழித்து இடுப்பில் ஒரு சுற்று, மறுமுனை தூணில். அவ்வளவுதான். அவிழ்த்துவிட்டால் ஒன்று அடுப்புக்குப் போகும், இல்லாவிட்டால் வாசலில் ஓடும் சாக்கடைக் கானுக்குப் போகும். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் அந்த ஒற்றை அறைக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். அதற்கு ஆயா ஒருத்திதான். தொட்டில்களில் கைக்குழந்தைகள் ஒரு பக்கம் கத்த, பால் காய்ச்சும் விறகடுப்பு இன்னொரு பக்கம் புகைய, நடக்கத் தெரிந்ததுகளை அவள் வேறு என்னதான் செய்வாள்?

என் அக்கா மகளும் அங்கேதான் கட்டப்பட்டிருந்தாள். அக்கா கொழுந்தெடுப்பவள். விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பார்கள். அங்கே பிந்திப் போனால் “நீ வீட்டுக்குப் போ” என்பார் கணக்கப்பிள்ளை. அதனால் அக்கா ஓடுகிற ஓட்டத்தில் மகளை ஆயாவின் கையில் போட்டுவிட்டுப் போவாள்.

பிள்ளைக்காம்பராவும் நான் படிப்பித்த பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு தகரத் தட்டி. இந்தப் பக்கம் என் வகுப்பு “ஆனா, ஆவன்னா” என்று சொன்னால், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கொஞ்சம் பிந்தி அதையே சொல்லும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். தூணடியில் உட்கார்ந்து, என் அக்கா மகள் விரலால் காற்றில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து எப்படியிருக்கும் என்று அவள் கண்டதே இல்லை. காதில் விழுந்ததை எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

பாலர் கல்விக்கென்று அரசாங்கம் ஓர் ஆலோசனைச் சபை அமைக்கப்போகிறது என்ற செய்தியை தோட்டத்துக் கடைக்கார நானாவிடம் வந்த பத்திரிகையில் படித்தேன். பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முந்திய பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று அந்தச் சபை அரசுக்குச் சொல்லுமாம். சபை சொல்லும் இடங்களுக்குப் பாலர் ஆசிரியைகளை அனுப்புவார்களாம். ஆசிரியர்கள் கருத்து எழுதலாம் என்றும் இருந்தது. நான் விடுவேனா? சபையில் தோட்டத்துக்கு ஓர் இடம் வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவுக்கும் ஓர் ஆசிரியை வேண்டும் என்று விளாசித் தள்ளிவிட்டேன். நுவரெலியாவில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் நடக்கும் ஆயத்தக் கூட்டத்துக்கு வரச்சொல்லிப் பதில் வந்தபோது, உடப்புசல்லாவை பஸ்ஸில் நான் உட்கார்ந்து போகவில்லை. பறந்து போனேன்.

கூட்டத்தில் மூன்று பேர் முக்கியமானவர்கள். தலைவர் கொழும்பிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் வந்திருந்த ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. மெல்லிய குரலில் இங்கிலீஷ் பேசினார். பக்கத்தில், கொழும்பில் சொந்தமாகப் பாலர் பள்ளி நடத்தும் ஒரு சீமாட்டி. மூன்றாமவர் யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பரிசோதகர். தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“இந்தப் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிள்ளைகள்?” என்று தலைவர் கேட்டார். கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, எங்களுக்கு வாக்கும் இல்லை, நாடும் இல்லை என்று சட்டம் வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

“அதில் ஒருத்தி என் அக்கா பிள்ளை, ஐயா” என்றேன் இங்கிலீஷில். பிறகு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தூண், சேலைத்துண்டு, புகை, காற்றில் எழுதிய விரல்.

பரிசோதகர் கையை உயர்த்தினார். “பிள்ளை, நீர் நல்லாக் கெதியாக் கதைக்கிறீர். கொஞ்சம் ஆறுதலாச் சொல்லும். ஒருத்தரும் ஓடேல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில், சபையின் வரம்பை எழுதுமுன் ஒரு தோட்டத்தையாவது நேரில் பார்ப்பது என்று முடிவானது. எந்தத் தோட்டம் என்று கேட்க, எங்கள் தோட்டம்தான் என்றேன். தோட்டத்தை நடத்தும் துரையும் மறுக்கவில்லை; பெரிய மனிதர்கள் தன் தோட்டத்தைப் பார்க்க வருவது அவருக்கும் பெருமை.

எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்து வாசலில் பெண்களைக் கூட்டிவைத்துச் சொன்னேன். “வாறவங்க உள்ளத உள்ளபடி பாக்கணும். ஒண்ணையும் மாத்தாதீங்க. கட்டியிருக்கிற புள்ள கட்டினபடியே இருக்கட்டும். புகையும் இருக்கட்டும். அதப் பாத்தாத்தான் நமக்கு டீச்சர் கெடைக்கும்.”

“சரி” என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காதான் முதலில் தலையாட்டினாள்.

அவர்கள் வருகிற அன்று காலையில் பிள்ளைக்காம்பராவுக்கு ஏறிப்போனேன். வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. தரை புதுச்சாணியில் வழுவழுவென்று மெழுகியிருந்தது. புகை படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தொட்டில்களில் கல்யாணச் சேலைகள் தொங்கின. அடுப்பு அணைந்து, அதன்மேல் ஒரு செம்பில் பூ. பிள்ளைகள் எல்லாம் தீபாவளிச் சட்டையில், எண்ணெய் வைத்து வகிடெடுத்து, பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை.

“மத்ததுகள்லாம் எங்க ஆயா?”

“சளி ஒழுகுறது, சொறி புடிச்சது எல்லாம் லயத்துல இருக்குதுங்க டீச்சரம்மா. புள்ளத்தாச்சி ஒருத்தியக் காவலுக்கு வச்சிருக்கோம். வந்தவங்க கண்ணுல அது படலாமா?”

சேலைத்துண்டுகள் ஒன்றுகூட இல்லை. தூண்களுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்.

துரையின் உத்தரவில் மலைக்குப் போகாமல் நின்ற தாய்மாரில் அக்காவும் இருந்தாள். அவளைத் தனியே இழுத்துப்போய்க் கத்தினேன். “என்னக்கா செஞ்சு வச்சிருக்கீங்க? நான் என்ன சொன்னேன்?”

“நீ அப்படித்தான் சொல்லுவ. படிச்சவ, உனக்குக் கூச்சம்.” அவள் என் முந்தானையைச் சரிசெய்தாள். “உன்ன நம்பித்தானடி அம்புட்டு பெரிய ஆளுங்க வாறாங்க? உன்னோட விருந்தாளிங்க முன்னாடி எங்க புள்ளைங்க மூக்க ஒழுகவிட்டுக்கிட்டு நிக்கணுமா? இவ தோட்டம் இப்படித்தான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நாங்க தாங்குவோமா?”

“அப்படிச் சொல்லணும்னுதான் கூப்பிட்டதே!”

“போடி கோட்டி. யாராவது அவமானப்படணும்னு ஆளக் கூப்பிடுவாங்களா?”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்திருக்கிறார்கள். சாணி சுமந்து, சுண்ணாம்பு கரைத்து, பெட்டியில் கிடந்த சேலையை எல்லாம் வெளியே எடுத்து. கிடைக்கிற ஒரே ஓய்வு நாள் அது. நான் வகுப்புக்குப் பாடம் எழுதிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். பேச நேரமில்லை. கீழே கார் சத்தம் கேட்டது.

தலைவர் குனிந்து உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை நான் கண்டேன். சீமாட்டி தன் கைப்பையிலிருந்து டொபி மிட்டாய் எடுத்து, என் அக்கா மகளைப் பார்த்து நீட்டினாள். பிள்ளை எழுந்தாள். அடியெடுத்து வைத்தாள், நின்றுவிட்டாள். டொபி இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தது. கையை மட்டும் எட்டிய மட்டும் நீட்டினாள்; கால் நகரவில்லை. அங்கேதான் துண்டு முடியும். அவள் இடுப்புக்குத் தெரியும்.

சீமாட்டி சிரித்துக்கொண்டு முன்னே வந்து கொடுத்தாள். “எவ்வளவு ஒழுக்கம்!” என்றாள் தலைவரிடம். “என் பள்ளிப் பிள்ளைகள் பையையே பிடுங்கியிருப்பார்கள்.”

“அம்மா, அது ஒழுக்கமில்லை” என்று தொடங்கினேன். வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. பரிசோதகர் என்னைத் தடுத்து ஆயாவிடம் திரும்பினார்.

“பிள்ளையளைக் கட்டி வைக்கிறனீங்களோ?”

ஆயா வாசலில் நின்ற துரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இல்லைங்க ஐயா.”

அவர் அக்காவிடம் கேட்டார். “நீங்கள் தாயோ? பயப்பிடாமல் சொல்லுங்கோ. ஏதும் குறையிருக்கோ?”

அக்கா பயப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவள்போல் சொன்னாள். “ஒரு குறையும் இல்லைங்க சாமி. எங்க புள்ளைங்க ராசா வீட்டுப் புள்ளைங்க மாதிரி இருக்குதுங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்.”

குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

சபையை அமைத்து முடித்த கூட்டத்துக்கும் நான் போனேன். கூப்பிடவில்லை, நானாகவே போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். வரம்பை வாசித்தார்கள். தோட்டங்களில் சிறுபிள்ளைப் பராமரிப்பு ஏற்கெனவே திருப்தியாக நடப்பதால் அது தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே இருக்கலாம். சபை கிராமங்களையும் நகரங்களையும் கவனிக்கும். உறுப்பினர்களில் தோட்டத்தார் யாரும் இல்லை.

எழுந்து நின்றேன். “ஐயா, மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகள் கட்டப்பட்டுத்தான் இருக்கிறார்கள்.”

தலைவர் பொறுமையாகக் கேட்டார். “அன்றைக்கு யார் அவிழ்த்தார்கள்?”

“தாய்மார்.”

“ஏன்?”

“நீங்கள் வருகிறீர்கள் என்று.”

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. “மகளே, அப்படியென்றால் கட்டாமலும் இருக்க முடிகிறதே” என்றார்.

அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். எவ்வளவோ பதில் எனக்குத் தெரியும், எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்பவள் நான். ஆனால் எங்கள் மனிதர்கள் இருப்பதையெல்லாம் எடுத்து, விருந்தாக வந்தவனுக்குப் போடுவார்கள், அன்று போட்டதும் அதுதான், அதற்குப் பிறகு அவர்களுக்கே ஒன்றும் மிஞ்சாது என்பதை எந்த இங்கிலீஷில் சொல்வது?

வெளி விறாந்தையில் பரிசோதகர் குடையை விரித்தபடி நின்றார். “தங்கச்சி, கோவியாதையும். நான் கண்ணாலை பாத்ததைத்தானே எழுதலாம். பிள்ளையள் வடிவாத்தானே இருந்தவை. பிறகென்ன?”

“ஒன்றுமில்லை ஐயா” என்றேன்.

திரும்புகிற பஸ்ஸில் வேறு யாருக்கு எழுதலாம் என்று யோசிக்கப் பார்த்தேன். வழக்கமாக ஒரு வழி அடைபட்டால் அடுத்த வளைவுக்குள் என் மனம் இன்னொன்றைப் பிடித்துவிடும். அன்று வளைவுகள் வந்துகொண்டே இருந்தன, மனம் எதையும் பிடிக்கவில்லை. யாருக்கு எழுதினாலும் அவர்கள் வந்து பார்ப்பார்கள். வந்தால் எங்கள் பெண்கள் சாணி மெழுகுவார்கள்.

மறுநாள் காலை, மூடுபனிக்குள் அக்கா தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாள். நான் பள்ளிக்கூடக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். சுண்ணாம்புச் சுவரில் அதற்குள் மறுபடியும் புகை ஏறத் தொடங்கியிருந்தது. ஆயா ஒரு குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்ததால், அக்காவே மகளின் இடுப்பில் துண்டைச் சுற்றினாள். அது தொட்டிலில் தொங்கிய கல்யாணச் சேலையின் ஓரம். மெழுகுகிற அவசரத்தில் கிழிந்துபோயிருந்ததாம்.

முடிச்சைப் போட்டுக்கொண்டே கேட்டாள். “சபை என்ன சொன்னிச்சுடி? நாங்க நல்லாத்தானே காட்டினோம்?”

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. கீழே பெரட்டுக்களத்தில் தப்படிக்கிற சத்தம் கேட்டது.

“நல்லாத்தான் காட்டினீங்கக்கா” என்றேன்.

“அப்ப டீச்சர் வருவாங்க” என்று சொல்லி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறக்கத்தில் ஓடினாள்.