அவளை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று செபித்தேன்

அன்பான இறைமக்களே, உங்கள் முன் செபமாலையோடு நிற்கிற நான், மூன்று வருடத்துக்கு முன் இதே கையால் என் மனைவி ரெஜினாவின் நெற்றியை உடைத்தவன். அதை மறைத்துவிட்டு ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது.

முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பது என் தொழில். கயிறு இழுத்து இழுத்து முதுகு முறியும். கடையில் நோவுக் குளிசை வாங்கி நாளுக்கு நாலு, ஐந்து என்று விழுங்குவேன். சில மாதத்தில் வயிறு எரியத் தொடங்கியது. எனக்கு ஏற்கெனவே மூக்கு நுனியில் கோபம். வயிறு எரிய எரிய வீட்டில் கோப்பைகள் பறந்தன. ரெஜினா போடும் மிளகாய்த்தூள்தான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். அவள் பயந்து தூள் போடுவதையே விட்டாள். உப்புச்சப்பில்லை என்று அதற்கும் ஏசினேன்.

தவக்காலம் வந்தது. நாற்பது நாளும் ஒருசந்தி பிடிப்பதாக நேர்ந்துகொண்டேன். மத்தியானம் வரை வெறும் வயிறு. ஆனால் குளிசையை விடவில்லை. "மருந்துக்கு ஒருசந்தி முறியாது" என்று எங்கள் கரையில் எல்லோரும் சொல்வார்கள். விடியப்புறம் ஒரு மிடறு தண்ணீர், இரண்டு குளிசை, பிறகு வலை. மலம் தார் போலக் கறுத்துப் போனது. அந்த நாட்களில் வலையில் கணவாய் நிறையப் பட்டது. கணவாய்க் கறியின் மைதான் என்று நினைத்து யாருக்கும் சொல்லவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்த நாள் மத்தியானம், முதல் வாய்ச் சோறு இறங்கியதும் வயிற்றைக் கிழித்தது. "எனக்கு நஞ்சு வைக்கிறியோடி?" என்று கத்திக்கொண்டு கறிச்சட்டியைத் தூக்கி எறிந்தேன். அது அவள் நெற்றியில் உடைந்தது. சூடான கறியும் இரத்தமும் அவள் முகத்தில் வழிந்தன. அவள் அழவில்லை. துவாயால் நெற்றியைப் பொத்திக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை குசினிக்குள் அடுப்படியில் தனியே நின்றபோது ஓங்காளித்துச் சத்தி வந்தது. முதலில் கோப்பிக் கசடு போல. பிறகு இரத்தம், கட்டி கட்டியாக. சுவரெல்லாம் தெறித்தது. கால் வழுக்கி அதற்குள்ளேயே விழுந்தேன். எழும்ப முடியவில்லை. சாகப் போகிறேன் என்று தெரிந்தது. பயம், இறைமக்களே, அப்படி ஒரு பயம்.

"ஆண்டவரே, ஆரையாவது அனுப்பும்," என்று அழுதேன். "அவளை மட்டும் வேண்டாம். அவளின்ர முகத்தை என்னால பாக்கேலாது."

கதவு திறந்தது. அவள்தான். நெற்றியில் தையல் போட்ட கட்டு. உடுப்பு எடுக்கத் தம்பியின் ஆட்டோவில் வந்திருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போயிருந்தாலும் நியாயம்தான்.

அவள் என் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். ஆட்டோவில் என் கண் சொருகும்போதெல்லாம் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அவளுடைய தையல் பிரிந்து இரத்தம் என் நெஞ்சில் சொட்டியது.

"இப்ப சாகாதையுங்கோ," என்றாள். "என்னட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டுச் சாகுங்கோ."

அலுமாரிக்குப் பின்னால் நான் ஒளித்துப் போட்ட வெறும் குளிசை அட்டைகளையும் அள்ளி வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அவற்றை டொக்டரின் மேசையில் கொட்டினாள்.

"வெறும் வயித்திலயோ போட்டவர்?"

"ஓம் டொக்டர். ஒருசந்தியிலயும்."

இரத்தம் ஏற்றினார்கள். வாய்க்குள்ளால் கமரா விட்டு, கசிந்த புண்ணை அடைத்தார்கள். மறுநாள் டொக்டர் என்னிடம் சொன்னார்: "கறியில பிழையில்லை ஐயா. இந்தக் குளிசைதான் வயித்தை அரிச்சது. கறுப்பாப் போன அண்டைக்கே வந்திருக்கோணும்." ரெஜினாவும் பக்கத்தில் நின்றாள். நான் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் அவள் வீட்டுக்கு வந்தாள். கை ஓங்கினால் அன்றைக்கே பொலிசுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். இன்றுவரை நான் கை ஓங்கவில்லை. டொக்டரைக் கேட்காமல் ஒரு குளிசையும் தொடுவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

சகோதரங்களே, வயிறு எரிந்தால் குசினியில் நிற்பவளில் பழியைப் போடாதீர்கள். கறுப்பாகப் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆண்டவரை நம்பிக் கூப்பிடுங்கள். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

கடலுக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் ரெஜினாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் கேட்கிறேன். "பாப்பம்" என்கிறாள். இன்னும் ஓம் சொல்லவில்லை. நாளைக்கும் கேட்பேன்.