கிரகணத்தில் கன்றுக்குட்டி பிடிக்கப் போன அம்மா

ஈரக் கோணிப்பையின் வாடை… நிலா என்றதும் எனக்கு முதலில் வருவது அதுதான்.

சாயங்காலம் ஆறரை மணி. எனக்கு ஏழு வயது. வீட்டில் மூன்று ஜன்னல், மூன்றிலும் கோணியை நனைத்துக் கட்டியிருந்தார்கள். வெளியே கிரகண நிலா எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

நேற்றிலிருந்து எல்லாரும் நிலாச்சோறு, மொட்டை மாடி என்று போஸ்ட் போட்டுத் தள்ளுகிறீர்கள். லைக் போட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எரிகிறது. எங்கள் வீட்டு நிலாவையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாகூர் பக்கம் எங்கள் ஊர். அன்றைக்கு அப்பாவும் அண்ணனும் கரும்பு லோடோடு போயிருந்தார்கள். கொட்டகையில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடியது. லாரி போகிற ரோடு. அம்மா கதவைத் திறந்து ஓடினாள், பிடித்தாள், கட்டினாள், வந்தாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது.

இரண்டு மாதம் கழித்து என் தங்கச்சி செல்வி பிறந்தாள். மேலுதடு பிளந்திருந்தது. அப்பாவோட அக்கா, எங்கள் அத்தை, ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"கிரகணத்துல வெளிய போவாதன்னு தலபாடா அடிச்சிக்கினேனே! உனக்கு கன்னுக்குட்டி பெருசா, புள்ள பெருசா?"

செல்விக்கு ஆபரேஷன் நடந்தது, நன்றாகவே ஆனது. இப்போது மெல்லிசாக ஒரு தையல் தடம், அவ்வளவுதான். ஆனால் காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே போனாலும் "புள்ளைக்கு உதட்டுல இன்னா ஆச்சி?" என்று யாராவது கேட்பார்கள். யாரும் சொல்வதற்கு முன்னால் அம்மாவே முந்திக்கொள்வாள். "நான் பண்ண தப்புதாங்க."

இத்தனை வருஷமும் இதே பதில்.

நேற்று மறுபடியும் கிரகணம். செல்வி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டாம் மாதம். நான் ஷிப்ட் முடிந்து திருவாண்டார்கோயில் கம்பெனியிலிருந்து வந்து வண்டியை நிறுத்தினால், ஜன்னலில் பெட்ஷீட். கோணிக்குப் பதில் பெட்ஷீட்… முன்னேற்றம்!

அண்ணன் மகள் யாழினி இரண்டாவது படிக்கிறாள். நிலாவைக் காட்டு என்று ஒரு வாரமாக என் உயிரை எடுத்தாள். சரி, முதலில் பாடம் என்று டேபிளில் ஒரு பல்பை எரியவிட்டேன். அது சூரியன். பந்து பூமி. எலுமிச்சம்பழம் நிலா. அவளே பழத்தைப் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். பந்தின் நிழலுக்குள் பழம் கறுத்தது.

"இவ்ளோதான். நெழலு. புரிஞ்சிதா?"

"நெழலு கடிக்குமா சித்தப்பா?"

"கடிக்காது."

"அப்போ செல்வி அத்த உதட்ட மட்டும் ஏன் கடிச்சிச்சி?"

செல்வி சிரித்துவிட்டாள். "அது ஒண்ணுமில்லடி. உங்க ஆயா கன்னுக்குட்டி புடிக்கப் போச்சி, நான் மாட்டிக்கினேன்."

எங்கள் வீட்டில் இது ஒரு ஜோக். அடுக்களை வாசலில் நின்ற அம்மாவும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரும் சிரிக்காதீங்க! போன மாசம் இவள ஸ்கேனுக்கு கூட்டிக்கினு போனப்போ டாக்டர்கிட்ட கேட்டேன். புள்ளைக்கு மேலுதடு ஒண்ணு சேர்றது ரெண்டாம் மாசத்துல. சேரலன்னா அப்பவே சேரல. நீ கன்னுக்குட்டி புடிச்சது எந்த மாசம்மா?"

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ஏழுடா…"

"அப்போ?"

"அப்போ… நான் வெளிய போனப்பவே அது அப்பிடித்தான் இருந்திச்சா?"

"அஞ்சு மாசமா அப்பிடித்தான் இருந்திச்சி."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "இத யாருமே சொல்லலியேடா" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆபரேஷன் செய்த இடத்திலாவது ஒரு ஆள் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். குறை சொல்ல மட்டும் ஊரே வந்தது.

செல்வி மெதுவாக எழுந்தாள். கதவைத் திறந்தாள். அம்மா "அடியேய்!" என்று பதறி எழுந்தாள்… ஆனால் பிடித்து இழுக்கவில்லை. பின்னாலேயே போனாள்.

கரும்புத் தோட்டத்துக்கு மேலே நிலா, செங்கல் நிறத்தில். அம்மா தன் முந்தானையை இழுத்து செல்வியின் வயிற்றை மூடினாள்.

"நெழலுதான்னு சொன்னாருல்ல சித்தப்பா?" என்று யாழினி அதட்டினாள்.

"இருக்கட்டும்டி. மனசு கேக்கல."

அப்புறம் அம்மா நெடுநேரம் அண்ணாந்தே நின்றாள். "இதுக்காடா…" என்றாள்.

அப்போது ஏழு வயதில் கோணியின் ஓட்டை வழியாக நான் பார்க்க முயன்ற நிலாவை, நேற்று அம்மாவும் நானும் பக்கத்தில் நின்று பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தலை நரைத்த பிறகு.

இனி நான் செய்யப்போவது:

1. ஞாயிற்றுக்கிழமை சோரியாங்குப்பம் போய் அத்தையிடம் மாதக் கணக்கை நேரில் சொல்வேன். அம்மா வேண்டாம் என்கிறாள். போவேன்.

2. செல்விக்குக் குழந்தை எப்படிப் பிறந்தாலும், "அன்னிக்கு வெளிய நின்னா இல்ல?" என்று யாராவது இழுத்தால், ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே பதில் சொல்வேன். பணிவாக அல்ல.

3. அடுத்த கிரகணத்துக்கு அம்மாவைப் பாகூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவேன். நான் கூப்பிடவில்லை. இன்று காலையில் காபி கொடுக்கும்போது அவளாகக் கேட்டாள்.