ஓடிங் பிரித்துக் கொடுத்த தையல்கள்

ஓடிங்கை நான் முதலில் பார்த்தபோது என் பேன்ட் பின்னால் கிழிந்திருந்தது. ஆய்வுத் தலைப்பைப் பேராசிரியர்கள் முன் வைக்க வேண்டிய காலை அது. பாண்டுங் நகரின் கியாராசொண்டோங்கில் ஷேர் வேனில் ஏறும்போதே தையல் விட்டுவிட்டது. எதிர் இருக்கையில், சேவல் கொண்டை மாதிரி தலைமுடியை நிறுத்தி, மடியில் சின்ன நாலு கம்பி கித்தாரோடு ஒரு பங்க் உட்கார்ந்திருந்தான். பங்க் பாட்டும் அந்தக் கோலமுமாகத் தெருவில் திரியும் கூட்டத்தில் ஒருவன்; வேனில் பாடிப் பிழைக்கிறவன்.

"படிக்கிறவரே, பின்னாடி காத்து நல்லா வருதா?" என்றான்.

வேனில் இருந்த காய்கறிக்காரப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் புத்தகப் பையால் மறைத்தேன்.

"திரும்பி நில்லுங்க. நாலு தையல்தான். அசைஞ்சா எனக்கொண்ணும் இல்ல, உங்களுக்குத்தான்."

ஓடும் வேனில் நான் குனிந்து நிற்க, அவன் ஊசியெடுத்துத் தைத்துவிட்டான். நூல் வழுவழுவென்று இருந்தது. பல்லிடுக்கில் விட்டுச் சுத்தம் செய்யும் மெழுகு நூல். பங்க் ஆட்கள் தங்கள் சட்டையில் துணித்துண்டுகளை அதில்தான் தைப்பார்களாம், அறுந்தே போகாதாம்.

"பல்லுக்குன்னு விக்கிறான். எங்காளுங்கள்ல பாதிப் பேருக்குப் பல்லே இல்ல" என்றான்.

தலைப்பு அன்று ஏற்கப்பட்டது. பாண்டுங் நகரத்துத் தெரு பங்க் ஆட்களைப் பற்றி ஆய்வு செய்ய அடுத்த வாரமே அவனைத் தேடிப் போனேன்.

மேம்பாலத்துக்குக் கீழே மூடிப்போன டயர் கடையில் ஓடிங்கையும் சேர்த்துப் பதினொரு பேர் இருந்தார்கள். மூத்தவள் கோகோம். எல்லோரும் அவளை அக்கா என்பார்கள். எல்லோரும் வேன்களில் பாடுவார்கள்; தையல் மட்டும் ஓடிங் வேலை. கூட்டத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றால், ஒவ்வொருவரும் தன் துணியில் ஒரு துண்டு வெட்டி, தன் அடையாளமாக ஒரு படத்தை அதில் வரைந்து கொடுப்பார்கள். அதைப் புதியவரின் கையில்லாத ஜீன்ஸ் சட்டையில் தைத்துக்கொடுப்பது ஓடிங். அவன் சட்டையிலேயே பத்துத் துண்டுகள் இருந்தன. தாய் தகப்பன் யாரென்று தெரியாதவன். ஒருநாள் அந்தச் சட்டையைத் தட்டிக் காட்டி, "என் குடும்பக் கார்டு இதான்" என்று சொன்னான்.

நான் காருத் மலையில் முட்டைக்கோஸ் பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டுக்கொள்வது எங்கள் நாட்டு வழக்கம். சமூகவியல் பட்டம் என்பதால் என் பெயர் நந்தாங், எஸ்.சோஸ். வீட்டுக் கதவிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருக்கும். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை.

பட்டமளிப்புக்கு முந்தின நாள் அப்பா இரவல் பேன்ட்டோடு ஊரிலிருந்து வந்தார். அது நாலு விரல் நீளம். ஓடிங்கைக் கூப்பிட்டேன். காலையிலிருந்து மதியம் வரை என் வாடகை அறையில் உட்கார்ந்து கீழ்மடிப்பு வைத்தான். அந்த மதியம்தான் டயர் கடைக்கு, தெருவில் திரிபவர்களைப் பிடிக்கும் ரோந்து லாரி வந்தது. பத்துப் பேரையும் பிடித்துப்போனார்கள். தலையை மழித்தார்கள், அடித்தார்கள். கோகோமின் தம்பிக்கு இடது காது கேட்காமல் போனது அன்றுதான். அவர்கள் மறைவாகப் படுக்கும் இடத்தை யார் காட்டிக்கொடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓடிங்கை அப்போது யாரும் சந்தேகப்படவும் இல்லை.

பிறகு என் ஆய்வேட்டைப் புத்தகமாக்கியபோது அதில் சேர்த்து எழுதினேன்: "பத்துப் பேர் பிடிபட்டனர். ஒருவர் மட்டும் அங்கு இல்லை." ஏன் இல்லை என்று எழுதவில்லை. அப்பாவின் இரவல் பேன்ட்டை அதில் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து ஒரு சினிமாக் கம்பெனி அந்தப் புத்தகத்தை வாங்கியது. கதாநாயகன் ஒரு பாடகன். அவனுக்கு நண்பனாக வருகிற தையல்கார பங்க் எங்கள் ஓடிங். நடிகர் ஒரு வாரம் டயர் கடையிலேயே தங்கினார். நூலை எச்சில் தொட்டு ஊசியில் கோப்பதை, சிரிக்கும்போது கித்தாரைத் தட்டுவதை, எல்லாவற்றையும் ஓடிங் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான். "என்னைவிட என்னை நல்லாப் பண்றான்யா" என்று சந்தோஷப்பட்டான்.

முதல் காட்சிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். என் அப்பா அம்மா முன்வரிசை. படத்துக்கு முன்னால் என்னை மேடைக்கு அழைத்தார்கள். முடிவை நானும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் மைக்கைப் பிடித்து, "இதில் வருவதெல்லாம் உண்மை. நான் கூட இருந்து கண்ணால் கண்டது" என்றேன். கைதட்டினார்கள்.

படத்தில் அந்தத் தையல்காரன் ஒரு சோற்றுப் பொட்டலத்துக்காகக் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறான். கடைசியில் கதாநாயகன் காலைக் கட்டிக்கொண்டு, "பசிச்சுது, அண்ணே" என்று அழுகிறான். கதாநாயகன் மன்னிக்கிறான். அரங்கமே அழுதது. படம் முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். மூன்றாம் வரிசையில் ஓடிங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இயக்குநர் என் அப்பாவின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நான் மைக்கைக் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் டயர் கடைக்கு ஓடினேன். கோகோம் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்திருந்தாள். நடுவில் ஓடிங்.

"அக்கா, அது படம். திரைக்கதை எழுதினவன் இட்டுக்கட்டினது. அன்னிக்கு இவன் என் ரூம்ல எங்கப்பா பேன்ட் தெச்சிட்டு இருந்தான்."

"நடை இவனுது. ஊசி கோக்கறது இவனுது. சிரிப்பு இவனுது. எல்லாம் நிஜம், அது மட்டும் பொய்யா?"

"சத்தியமா பொய்க்கா."

"நேத்து மைக்ல என்னப்பா சொன்ன? எல்லாம் உண்மை, கண்ணால பாத்தேன்னு சொன்னியா இல்லையா? படத்துல உன் பேரு பெருசா வருது, பட்டத்தோட. இன்னிக்கு பேன்ட்டுங்கற. எந்த நாளு நீ பேசறத நம்பணும்?"

அரசாங்கம் சொன்னாலும் பள்ளிவாசலில் சொன்னாலும் நம்பாத ஆட்கள் அவர்கள். படித்தவன் சொன்னதை மட்டும் நம்பிவிட்டார்கள்.

"பசிச்சுதா, ஓடிங் அண்ணே?" என்று ஒருவன் நக்கலாகக் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

கோகோம் பிளேடை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தன் துண்டைத் திரும்ப எடுக்க வருகிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது.

ஓடிங் சட்டையைக் கழற்றினான். "பிளேடு வேணாங்க்கா. அது பல்லு நூலு, அறுத்தா துணியோட பிஞ்சிக்கிட்டு வரும். உங்க துண்டு வீணாயிடும். நானே பிரிச்சித் தரேன்."

உட்கார்ந்து ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாக நெம்பினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிரித்த துண்டை மடியில் நீவி, உரியவரிடம் நீட்டுவான். கோகோமின் தம்பியுடையதைக் கடைசியில் கொடுத்தான். கேட்கிற காதுப்பக்கம் போய் ஏதோ சொன்னான். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெளுத்துப்போன சட்டையில் துண்டுகள் இருந்த பத்து இடங்கள் மட்டும் புதுத் துணி மாதிரி கருநீலமாக இருந்தன.

சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான்.

"அப்பாவுக்குப் பேன்ட் அளவு சரியா இருந்துச்சா? அன்னிக்குக் கேக்கவே இல்ல."

"சரியா இருந்துச்சு" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான்.

அந்த வருடம் சிறந்த துணை நடிகருக்கான விருது அந்த வேடத்துக்குக் கிடைத்தது. அந்த முகத்தைப் போட்ட பனியனைக் கல்லூரிப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். படத்துத் தையல்காரனை நினைத்தால் அழுகை வருகிறது என்கிறார்கள். தெரிந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். படத்தில் இருப்பதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஓடிங் இப்போது சிரபோனில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் கூலிக்கு இருக்கிறான். முடியை ஒட்ட வெட்டிவிட்டான். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.