மாமா தாங்கிய மேசை

பழைய கதவைக் கொடுத்தால் கட்டிலாக்கித் தருவாள் தச்சு வேலை செய்யும் என் அக்கா. ஊரார் நாற்காலிகளுக்கெல்லாம் கால் வைப்பவளுக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கவனிக்க எட்டு வருடமாக நேரமில்லை. அதில் ஒரு கால் குட்டை. அவள் கணவர், எங்கள் மாமா, அந்தப் பக்கம் முழங்கையை ஊன்றி, மேசை ஆடாமல் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிண்டல் செய்ததில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. தேக்குத் துண்டை ஒட்டி, காலைச் சரிசெய்தாள். மாமாவோ அப்போதும் முழங்கையை எடுக்கவில்லை.

"இனிமே ஆடாதுங்க, கையை எடுங்க" என்றாள்.

"எட்டு வருஷமா நான்தான் தாங்குனேன். இப்ப எனக்கு என்ன வேலை?" என்று முகத்தைத் தொங்கப்போட்டார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் காலை மேசை மறுபடியும் ஆடியது. அடியில் இழைத்த மரச்சுருள்கள் கிடந்தன. மாமா வேட்டியில் ஒட்டிய மரத்தூளோடு முழங்கையை ஊன்றி, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.