ரூபஸிடமிருந்து முதல் அழைப்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அன்று அந்த அறையில் இருந்தது நான்.

என் பெயர் ஜாய்லின். சங்கரன்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை. மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தேன். வரன் பார்க்கும் ஒரு ஆப்பில் ரூபஸ் அறிமுகமானான். மஸ்கட்டில் வேலை என்றான். போட்டோவில் அப்படி ஒரு சிரிப்பு. மூன்று மாதம் ஓயாமல் மெசேஜ். ஆனால் ஒருநாளும் பேசியதில்லை. கூப்பிட்டால் எடுக்க மாட்டான். "இங்கன நெட்டு சரியில்ல செல்லம்" என்று எழுதுவான். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் நம்பினேன்.

போன ஐப்பசியில், லீவில் வந்திருப்பதாக எழுதினான். "நாளைக்குப் புளியங்குடி வா. தனியா வா. வீட்ல சொல்லாத." சரி என்றேன். புதுச் சுடிதாரை அயர்ன் பண்ணி வைத்தேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. ஏழு மணிக்குக் கரண்ட் போனது. ஏழு பத்துக்கு போன் அடித்தது. திரையில் ரூபஸ்! ஆசையாக எடுத்தேன்.

"ஜாய்லின்..."

"ரூபஸா? இப்பவாச்சும் பேசணும்னு தோணுச்சே!"

"நாளைக்குப் போவாத."

"நீங்கதான வரச் சொன்னீங்க?"

லைனில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

டிங். மெசேஜ் வந்தது. அதுவும் ரூபஸ்தான். "என்ன பண்ணுத செல்லம்? நாளைக்கு மறந்துராத."

எனக்குச் சிரிப்பு வந்தது. 'பேசிக்கிட்டே எதுக்கு மெசேஜ்?' என்று டைப் செய்தேன்.

டிங்.

"யாரு பேசுதா? நான் கூப்பிடலியே."

சிரிப்பு நின்றது. போனை மறுபடி காதில் வைத்தேன்.

"நீ... யாரு?"

"எழுதுறது நான் இல்ல. எம் மூஞ்சிய அவன் வச்சிருக்கான்."

கட் பண்ணினேன். கட் ஆகவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். திரை கறுத்தது. போன் அணைந்துவிட்டது.

"போவாத..."

குரல் நிற்கவில்லை.

அது இப்போது கதவுக்கு வெளியே...

"ஜாய்லின்... போவாத..."

தாழ்ப்பாள் அசைந்தது.

டக்.

டக்.

"இயேசப்பா!" என்று கத்திவிட்டேன்.

கரண்ட் வந்தது. வெளியே யாரும் இல்லை.

நான் புளியங்குடிக்குப் போகவில்லை. அடுத்த வாரம், வேறொரு பெண் கொடுத்த புகாரில் லிங்கேஷ் என்பவனைப் போலீஸ் பிடித்தது. அவன் போனில் என் மெசேஜ்களைப் பார்த்துப் போலீஸ் என்னையும் கூப்பிட்டு விசாரித்தது; அவன்தான் ரூபஸ். வரச்சொன்ன இடத்தில் அந்தப் பெண்ணை அடைத்து வைத்திருந்தானாம். அந்தச் சிரிப்பு அவனுடையது இல்லை. குருவிகுளத்தில் ஒரு சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலிருந்து எடுத்தது. இறந்தவர் பெயர் ஏசுதாசன். இறந்து இரண்டு வருஷம். எனக்கு போன் செய்யவே இல்லை என்று லிங்கேஷ் சத்தியம் செய்தான்.

மனசு கேட்கவில்லை. விசாரித்து, ஏசுதாசனின் வீட்டுக்கே போனேன். அவருடைய அம்மா மார்த்தாள் மட்டும் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க மகன் பேசித்தாம்மா நான் தப்பிச்சேன்."

அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த மகன் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்குப் பொறந்ததுலேருந்தே வாய் பேச வராதே மக்கா..."

எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு மக்கா... அவன் கொரலு எப்படி இருந்துச்சு?"