எஃப்.சி.க்கு ஒரு முகம், ரோட்டுக்கு ஒரு முகம்

இன்று வாடிப்பட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப். பைக் சர்வீஸ் முடியும்வரை போனில் கார் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு குட்டியானை லோடு வண்டி. நாளைக்கு அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. சோதனை. ரூல்ஸ்படி கூடாதென்று முன்னாலிருந்த பெரிய இரும்பு பம்பரையும் ஏர்ஹாரனையும் கழற்றிக்கொண்டிருந்தார் மெக்கானிக். வண்டிக்காரருக்கு ஊர் எழுமலை. மொட்டையடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் என் போனை எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஓட்டுறவன் தலைக்கு மேல கம்பிய வளைச்சு வச்சிருக்காய்ங்க?"

"தலை தப்பிக்கணும்ல, அதான் ரூல்ஸு. ரூல்ஸ் மாறுனா காரோட உருவமே மாறிரும்ணே. மூக்கு, றெக்கை, டயரு, எல்லாமே ரூல்ஸ்தான்."

"செக்கிங் முடிஞ்சதும் பழசைத் திருப்பி மாட்டிக்கிருவாய்ங்கள்ல?"

"அங்கெல்லாம் அது நடக்காதுண்ணே" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. நிறுத்திவைத்துச் சோதித்தால் விறைப்பாக நிற்கும் சில கார்களின் றெக்கை, ரேஸில் வேகமெடுத்ததும் வளைந்துகொடுக்கும். அதை வைத்து அங்கே டீம்களுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. மறைக்க மனசில்லாமல் அதையும் சொன்னேன்.

மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினார்.

"மாப்ள, பம்பரைப் பத்திரமா வையி. நாளைக்குச் சாயங்காலமே மாட்ட வாரேன். வெளிநாட்டுலயே இப்பிடித்தானாம்!"

கிளம்பும்போது என்னிடம் தனியாகக் கேட்டார்.

"அங்க எஃப்.சி. பாக்குற பிரேக் இன்ஸ்பெக்டர் ரெம்ப நல்ல மனுசன் போலண்ணே. நம்ம பக்கம் மாத்தலாகி வருவாரா?"

விவரம் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.